மடக்காத எதிர்முள்

அத்தியாயம் 5

"மீன் பிடிப்போம். ஆனா கொல்ல மாட்டோம். எங்க சங்கத்தோட முதல் விதியே அதுதான்" என்றார் அசோக்குமார்.

திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜில் அது நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் மலைப்படியும் காவடிக் கூட்டமும் தெரியும். மனிதர் திரையை இழுத்து மூடிவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசுவுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. காலையில் தின்ற வடை காரணமாகவும் இருக்கலாம்.

அரக்கோணம் ஸ்டேஷன் எதிரே, டிபன் கடை மாடியில், 'ஷோபனா துப்பறியும் நிலையம்' என்ற பலகைக்குக் கீழே ஷோபனா முதலாளி, அரசு மீதி எல்லாம். டிரைவர், எழுத்தர், காபி வாங்கி வருபவன், வாய். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். உயிர் விஷயமாக வந்த முதல் ஆள் இந்த அசோக்குமார். சென்னையில் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம் ஒன்றின் தலைவர்.

"நீலகிரி ஓடையில ட்ரவுட்னு ஒரு மீன்" என்று அவர் தொடர்ந்தார். "வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்டது. ஜில்லுன்னு ஓடுற தண்ணியிலதான் வாழும். தண்ணி கொஞ்சம் சூடானாலே மூச்சு முட்டிடும். அதைப் புழு வெச்சுப் பிடிக்கிறது எங்களுக்குக் கேவலம். இறகும் நூலும் கட்டி ஒரு பொய்ப்பூச்சி செய்வோம். கோலைச் சுழட்டி அதைத் தண்ணி மேல இறக்கணும். மீன் நிஜப் பூச்சின்னு நம்பி மேல வரும். பிடிச்சதும் கையை நனைச்சுகிட்டுத் தொட்டு, திரும்ப விட்டுடுவோம்."

"நம்பி வந்த மீனை ஏமாத்திட்டு மன்னிச்சும் விட்டுடறீங்க" என்றான் அரசு. "எங்க ஊர்ல அரசியல்வாதிங்க முதல் பாதியோட நிறுத்திப்பாங்க."

ஷோபனா அவனைத் திரும்பிப் பார்க்காமலே, "ஸ்ரீதரைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

ஸ்ரீதர் திருத்தணிக்காரன். பொய்ப்பூச்சி கட்டுவதில் அவன் கைக்கு ஈடில்லையாம். இங்கிருந்து ஊட்டிக்கும் இமாசலத்துக்கும் பார்சல் போகும். போன மாதம் அவன் ஒரு வம்பில் தலையைக் கொடுத்தான். காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில் மஞ்சள் மெழுகுப் பொட்டு வைத்தது போன்ற இறகு உண்டு. வெளிநாட்டில் பூச்சி கட்டுகிறவர்களுக்கு அந்த இறகென்றால் பித்து. இங்கே அந்தப் பறவையைக் கொல்வதும் குற்றம், இறகை விற்பதும் குற்றம். ஆந்திர எல்லை மலைகளில் ஒரு கும்பல் வலை போட்டுக் கோழிகளை அள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி வரும் திங்கட்கிழமை வனத்துறையிடம் சாட்சி சொல்வதாக இருந்தான் ஸ்ரீதர். அதற்குள் ஆளைக் காணோம்.

"அவங்க கண்டுபிடிச்சா அவன் உயிரோட இருக்க மாட்டான்" என்றார் அசோக்குமார். "அதுக்கு முன்னாடி நாம கண்டுபிடிக்கணும்."

அவர் ஸ்ரீதரின் புகைப்படத்தையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவையும் நீட்டினார். டப்பாவுக்குள் அரிசி அளவில் ஒரு பச்சைப் பூச்சி இருந்தது.

"நேத்து எங்க சங்கத்துக்கு கொரியர்ல வந்துச்சு. அனுப்பினவன் பேர் இல்ல. ஆனா இது ஸ்ரீதர் கைதான். கொக்கி முனைக்குக் கீழ பின்பக்கமா ஒரு எதிர்முள் இருக்கும். மாட்டின மீன் நழுவாம இருக்க. ஸ்ரீதர் அதைக் குறடு வெச்சு அமுக்கித் தட்டையாக்கிடுவான். மீனுக்கு நோகாம கழட்டணுமே! இதுலயும் அமுக்கியிருக்கான். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். எங்க இருக்கான்னு தெரிஞ்சா உடனே எனக்குச் சொல்லுங்க. ஒவ்வொரு அடியும் சொல்லுங்க."

"ஆங், சொல்றேங்க" என்று அரசு அவர் எண்ணைத் தன் கைபேசியில் ஏற்றிக்கொண்டான்.

லாட்ஜிலிருந்து நேராக ஸ்ரீதர் வீட்டுக்குப் போனார்கள். அவன் மனைவி தேவிப்பிரியா கதவைச் சாத்திவிட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, போங்க" என்றவளின் கண்ணில் அழுத தடம் இருந்தது. ஆகவே இந்த உலகத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே தடயம் அந்த டப்பாதான்.

அதை அரசு காருக்குள் வைத்துத் திறந்தான். அடுத்த நொடி கொக்கி அவன் கட்டைவிரலில் இருந்தது.

"ஆ! மேடம், தடயம் என் உடம்புல ஒரு பாகம் ஆயிடிச்சி. இனிமே என்னையும் கவர்ல போட்டு சீல் வெக்கணும்."

"இழுக்காத. ஆடாம இரு."

ஷோபனா எப்படி எப்படியோ திருப்பிப் பார்த்தாள். உள்ளே போன வேகத்தில் பாதியாவது வெளியே வருவதில் காட்டவேண்டாமா? கடைசியில் சதையோடு வந்தது. அரசு விரலை வாயில் வைத்துக்கொண்டு, வலியை மறக்க வெளியே பார்த்தான். பெட்டிக்கடை வாசலில் மாலைப் பத்திரிகையின் வால்போஸ்டர் தொங்கியது. 'திருத்தணி ஏரியில் மிதந்த ஆண் பிணம்! யார் அவர்?'

"அந்த ஏரியில முழங்கால் தண்ணிதான் இருக்குது. அதுல முழுகினானாம். ஏரி ஆழம் இல்ல, சரக்குதான் ஆழம்" என்றான்.

ஷோபனா சிரிக்கவில்லை. அவனும் அதோடு நிறுத்தியிருப்பான், வாயில் இன்னொரு சமாசாரம் தட்டுப்படாமல் இருந்திருந்தால். பூச்சியிலிருந்து பிரிந்த நூல் ஒன்று விரலோடு ஒட்டிக்கொண்டு அவன் நாக்குக்குப் போயிருந்தது. அவன் அதைச் சப்பிப் பார்த்தான். மறுபடியும் சப்பினான்.

"மேடம். கஞ்சி."

"பசிக்குதா?"

"நூல்ல கஞ்சிங்க. நான் பொதட்டூர்பேட்டைக்காரன், தறி வூட்ல பொறந்தவன். லுங்கி நெய்யறதுல நீட்டுல ஓடுற பாவு நூலுக்கு மட்டுந்தான் கஞ்சி போடுவாங்க. குறுக்க ஓடுற ஊடை நூலுக்குப் போட மாட்டாங்க. கஞ்சி போட்ட பாவு கடையில கெடைக்காது. தறியில பூட்டியிருக்கறப்ப பிச்சி எடுத்தாத்தான் உண்டு."

ஷோபனா மெதுவாகத் திரும்பினாள். "அப்ப இதைக் கட்டினவன் தறிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான்."

"ஊர் பூரா தறிங்க. வூட்டுக்கு வூடு கதவைத் தட்டினா தீபாவளிக்குத்தான் முடியும்."

"நூல் தறியில கெடைச்சிது. இந்தப் பூச்சியோட உடம்புல சுத்தியிருக்கறது மயிலிறகு. அது தறியிலயா கெடைக்கும்?"

மயிலிறகு எங்கே கிடைக்கும் என்று திருத்தணியில் யாரும் யாரையும் கேட்பதில்லை. மலையடிவாரத்தில் காவடிச் சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. ஸ்ரீதர் பெயரைக் கேட்டதும் ஜெயம்மாள் கடையில்தான் சிரிப்பு வந்தது.

"அந்த ஆளா? ஊர்ல எல்லாரும் இறகை வாங்கினா கண்ணைப் பாப்பாங்க. அது காம்பைப் பாக்கும்" என்றாள் ஜெயம்மாள், கட்டு ஒன்றிலிருந்து ஒரு இறகை உருவிக் காட்டி. "தானா உதுந்த இறகுன்னா காம்பு அடி வெள்ளையா காஞ்சி இருக்கும். மயிலை அடிச்சிப் புடுங்கினதுன்னா ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். அது ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துட்டுத்தான் எடுக்கும். நான் வெக்கறது எல்லாம் உதுந்ததுதான், இருந்தாலும் பாக்கும்."

"கடைசியா எப்ப வந்தாரு?" என்றாள் ஷோபனா.

"அது வந்து நாளாச்சிம்மா. ஆனா போன வாரம் ஒரு பொம்பளை வந்துச்சி. அதுவும் கண்ணைப் பாக்கல, காம்பைத்தான் பாத்துச்சி. இன்னாடா இது, புது வியாதியான்னு நெனச்சிக்கினேன்."

"யாரு அது?"

"தெரியாது. முடியெல்லாம் பஞ்சு. நெத்தியில நீட்டமா ஒரு தழும்பு, தறியில குறுக்க ஓடுற நாடாக் கட்டை பறந்து வந்து அடிச்ச மாதிரி. பொதட்டூர்பேட்டை பஸ்ஸைப் புடிக்க ஓடிச்சி."

அரசு பெருமூச்சு விட்டான். "அனுசுயாக்கா. எங்க பக்கத்துத் தெரு. அந்த நாடா அடிச்சப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனதே எங்க நைனாதான்."

ஒரு விரல்குத்து, ஒரு வாய்க் கஞ்சி, ஒரு மயிலிறகுக் காம்பு. இவ்வளவுதான் செலவு, ஆளைப் பிடித்தாகிவிட்டது. அரசு உற்சாகமாகக் கைபேசியை எடுத்து அசோக்குமாருக்கு எழுதினான். அனுசுயா பெயர், தெரு, நீலக் கதவு, தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் என்று அடையாளம் எல்லாம் போட்டு அனுப்பினான். உடனே ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

பொதட்டூர்பேட்டைச் சாலையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரும்புக்கு நடுவே சாலை கறுப்பாக ஓடியது. பின்னால் வெகுதூரத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. அரசு வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. திருத்தணியிலிருந்து வருகிற கார் பொதட்டூர்பேட்டைக்குத்தானே போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்தில் ஷோபனா டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபடி வந்தாள். அவள் இப்படி ஒன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தால் நல்லதற்கில்லை என்று அவனுக்குத் தெரியும்.

தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம் அவர்களை விழுங்கியது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. தடக் தடக் என்று தெருவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் ஒருவனை வெட்டிப் போட்டாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது என்று சின்ன வயதில் விளையாட்டாகச் சொல்வார்கள். இன்று அது ஞாபகத்துக்கு வந்தது அரசுவுக்குப் பிடிக்கவில்லை.

நீலக் கதவு பாதி திறந்தது. அனுசுயா எட்டிப் பார்த்தாள்.

"அரசுவா? வா நைனா" என்றாள் காதருகே கத்தி. பிறகு அவன் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "என் தம்பி வர்லியா? கந்தன்? அவன்தான் அனுப்பிச்சானா உங்களை?"

"கந்தனா? இல்லியேக்கா."

அவள் முகம் விழுந்தது. அதற்குள் ஷோபனா உள்ளே போயிருந்தாள். ஓடுகிற தறிக்குப் பின்னால், பச்சைப் பாவு விரிந்திருந்த மறைவில், ஒரு மனிதன் சின்ன இடுக்கியும் நூலுமாக உட்கார்ந்திருந்தான். தாடி மண்டியிருந்தது. புகைப்படத்தில் பார்த்த ஸ்ரீதர்தான். அவர்களைக் கண்டதும் இடுக்கியைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு எழுந்தான்.

ஷோபனா டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்த மாத்திரத்தில் இடுக்கியைத் தாழ்த்தினான்.

"இது எப்படி உங்க கைக்கு வந்திச்சு?"

"முதல்ல நீங்க சொல்லுங்க. யாருக்குக் கட்டினீங்க?"

"என் பொண்டாட்டிக்கு. போன்ல பேசினா கண்டுபிடிச்சிடுவானுங்க. உயிரோட இருக்கேன்னு அவளுக்குத் தெரியணுமே! இதைக் கந்தன் கையில குடுத்து அனுப்பினேன். மலையில வலை போட்டிருக்கற எடத்தை எனக்குக் காட்டினவனே கந்தன்தான். திங்கக்கிழமை அவனும் சாட்சி. போனவன் இன்னும் திரும்பல."

"எதிர்முள்ளை ஏன் அமுக்கல?"

கேள்வி அரசுவுக்குப் புரியவில்லை. ஆனால் ஸ்ரீதருக்குப் புரிந்தது. "நான் அமுக்காம ஒரு பூச்சி கட்டினதே கெடயாது. அது தேவிக்குத் தெரியும். முள் நிமிந்திருந்தா ஆபத்து இன்னும் போகல, யார் வந்து கேட்டாலும் வாயைத் திறக்காதன்னு அர்த்தம். சொல்லி வெச்சிட்டுத்தான் வந்தேன்."

ஷோபனா அரசுவின் கையைப் பிடித்து இழுத்து, வீங்கியிருந்த கட்டைவிரலைத் தூக்கினாள்.

"முள் தட்டையா இருந்திருந்தா இது வழுக்கிக்கினு வந்திருக்கும், அரசு. சதையோட வந்திச்சு. ஆனா அந்த மனுஷன் என்ன சொன்னான்? எதிர்முள்ளை அமுக்கியிருக்கு, அதைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்னான். நிஜமா மீன் பிடிக்கறவன் கையில வாங்கினதும் முதல்ல அங்கதான் விரலை வெப்பான். இவன் டப்பாவைத் திறந்துகூடப் பாக்கல. மேடையில பேசற விதியை மனப்பாடமா ஒப்பிச்சான். கொரியரும் பொய்."

"யாரு?" என்றான் ஸ்ரீதர்.

"அசோக்குமார்."

ஸ்ரீதர் தறிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "அவன்தாங்க. மீனை விட்டுடறோம்னு ஊரெல்லாம் பெருமை பேசுவான். அந்த மீன் கடிக்கற இறகுக்காக எத்தனை கோழி செத்துச்சின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். வலைக்கு முதலாளி அவன். நீங்க... அவன்தான் உங்களை அனுப்பினானா?"

அரசுவுக்குக் காது அடைத்தது. தறிச் சத்தத்தினால் அல்ல. பகலில் பார்த்த வால்போஸ்டர் கண்முன் தொங்கியது. ஏரியில் மிதந்த ஆண் பிணம். யார் அவர்? அவன் ஷோபனாவைப் பார்த்தான். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும், கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். இரண்டடி தள்ளி அனுசுயா நின்று, அவர்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்றான் அரசு. குரல் அவனுடையதாகவே இல்லை. "நான் அவருக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். தெரு, கதவு, எல்லாம்."

அவர்கள்தான் பொய்ப்பூச்சி. அசோக்குமார் கோலைச் சுழற்றி அவர்களை நேராக இந்த வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறான். அரசுவின் கைபேசி அதிர்ந்தது. ஒரே வரி. 'வந்துட்டேன். வெளியே வராதீங்க.'

கதவிடுக்கில் சாம்பல் நிறக் கார் தெரிந்தது. அசோக்குமார் இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். அவரோடு இறங்கிய இரண்டு பேருக்குச் சட்டையைப் பற்றிய கவலை இல்லை. கையில் இருந்ததைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் தறியடியில் இருந்தார்கள். கத்தினால் யாருக்குக் கேட்கும்?

ஷோபனா நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி கைபேசியில் போலீசுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். "கேக்கலியா? இன்னொரு தடவை சொல்றேன்..." எதிர்முனைக்கும் தறிச் சத்தம்தான் கேட்டிருக்கும்.

அரசு கொல்லைக் கதவைப் பார்த்தான். நகைச்சுவையாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றியது, ஒன்றும் வரவில்லை. ஓடினான். சந்து வழியாக, வேலி தாண்டி, தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு. கம்பத்தில் தெருவின் மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடிக்கு ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் லைன்மேனுக்காகக் காத்திருந்து பழக்கமில்லாத தெரு அது. அந்தக் கைப்பிடியைத் தொட்டதற்காகப் பள்ளிக்கூட நாளில் நைனாவிடம் அவன் முதுகு வீங்க வாங்கியிருக்கிறான். அதை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான்.

தெரு செத்தது.

அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றது. திடீர் அமைதியில், நீலக் கதவின் மேல் யாரோ தோளால் மோதிய சத்தம் மட்டும் தெருவின் இந்த முனைக்குக் கேட்டது. மோதியவனும் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு நின்றிருக்க வேண்டும்.

பிறகு பொதட்டூர்பேட்டையில் மின்சாரம் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பனியன் போட்ட ஆண்கள், பஞ்சு ஒட்டிய பெண்கள், விசிறியோடு கிழவர்கள், எல்லாரும் காற்று வாங்க வாசலுக்கு வந்தார்கள். தெரு நிறைந்தது. அவர்கள் கண்ணுக்குப் பட்ட முதல் காட்சி, அனுசுயா வீட்டு வாசலில் கடப்பாரையோடு நின்ற இரண்டு அந்நியர்களும் அவர்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரரும்.

"இன்னாயா, யாருய்யா நீங்க?" என்றது ஒரு குரல். "பொம்பளை வூட்டுக் கதவை ஒடைக்கிறீங்களா?"

யாரோ கைபேசி விளக்கை அவர் முகத்தில் அடித்தார்கள். இன்னும் நாலைந்து விளக்குகள் சேர்ந்தன. கார் இருந்த பக்கத்தில் கூட்டம் தானாக நெருக்கிக்கொண்டது. கடப்பாரைகள் சத்தமில்லாமல் தரைக்கு இறங்கின. அசோக்குமார் மட்டும் அசரவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. என் நண்பர் ஒருத்தர் உள்ள ஆபத்துல இருக்கார். காப்பாத்த வந்தேன். இதோ, இந்தத் தம்பியே சாட்சி" என்று, ஓடிவந்து மூச்சு வாங்க நின்ற அரசுவைக் காட்டினார்.

கதவு திறந்தது. ஷோபனா முதலில் வந்தாள், அவளை ஒட்டி ஸ்ரீதர். உயிரோடு, முழுசாக, அத்தனை விளக்கு வெளிச்சத்துக்கு நடுவில். இனி இவனை யாராலும் இருட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அவர்களை விலக்கிக்கொண்டு அனுசுயா வந்தாள். உள்ளே தறிச் சத்தத்தில் அவள் எவ்வளவு கேட்டாள், எவ்வளவு கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஷோபனாவின் கையிலிருந்த பச்சைப் பூச்சியை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, அசோக்குமாரிடம் நீட்டினாள்.

"இதை என் தம்பி எடுத்துக்கினு போனான். இது உங்ககிட்ட எப்படி வந்திச்சு? என் தம்பி கந்தன் எங்க சார்?"

அசோக்குமார் தோளைக் குலுக்கினார். கூட்டத்தைப் பார்த்து, நியாயம் கேட்கிற குரலில் சொன்னார்.

"குடிச்சிட்டு ஏரியில விழுந்து செத்தவனுக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

ஏரியில் மிதந்தது யார் என்று போலீசுக்கே இன்னும் தெரியாது. பத்திரிகைக்குத் தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆள் அதைத் தன் வாயால், அத்தனை விளக்குக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அதை அவரும் இப்போதுதான் உணர்ந்திருக்க வேண்டும். புன்னகை அப்படியே முகத்தில் நின்றது, கண் மட்டும் காரைத் தேடியது. காருக்குப் போக வழி இல்லை.

ஆனால் அனுசுயாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவளுக்குக் கேட்டது ஒரு வார்த்தைதான். அவள் மெல்லத் திரும்பி அரசுவைப் பார்த்தாள்.

"செத்தவனா? யாரைச் சொல்றான் நைனா?"

பகலில் அந்தப் பிணத்தைப் பற்றித் தான் அடித்த ஜோக் அரசுவுக்கு ஞாபகம் வந்தது. எந்த ஏரி என்று அவனுக்குத் தெரியும். எவ்வளவு தண்ணீர் என்றும் தெரியும்.

அவள் கையை மூடினாள். கொக்கி உள்ளங்கையில் ஏறியது. வலித்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. அரசு அவள் முன்னால் மண்டியிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.